திடலில் பாதியைப் பழையபடியே விடுங்கள்

மலைத்தோட்டம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை செயல்விளக்கத் திடல், அதாவது ஒரு புது முறையைப் பயிர் செய்தே ஊருக்குக் காட்டுகிற நிலம், பற்றியவை. கார்போகத்துக்கு நிலம் தயாராகிற நேரம், அலுவலர்களும் ஊர் ஊராகத் திடல் போட ஆள் தேடுகிற நேரம், அதனால் இருக்கலாம். மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்கு.

நீலகிரி கேத்தி பாலாடாவிலிருந்து ஒரு வாசகர்: நாங்கள் ஏழெட்டு நண்பர்கள். ஊரில் ஒருவர் அரை ஏக்கரை ஒரு போகத்துக்கு விட்டுத் தருகிறார். புது விதை, தெளிப்பு நீர், இயற்கை உரம், நுண்ணூட்டம் எல்லாம் சேர்த்து கேரட் போட்டு ஊருக்கு ஒரு மாதிரித் தோட்டம் காட்ட ஆசை. எப்படி ஆரம்பிப்பது?

ஆசை நல்ல ஆசைதான் தம்பி. ஆனால் அறுவடை அன்று ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து நின்று, "நல்லாத்தான் இருக்கு, எதனால விளைஞ்சுது?" என்று கேட்பார். விதையாலா, தண்ணீராலா, உரத்தாலா? உங்களிடம் பதில் இருக்காது. நான்கையும் ஒரே போகத்தில் வாங்க அவர் கையில் காசும் இருக்காது, "அது பசங்க வேலை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அதனால் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுங்கள். 50 சென்ட்டில் 25 சென்ட் ஊர் வழக்கப்படி, மீதி 25 சென்ட் அந்த ஒரு மாற்றத்தோடு. ஒரே விதை, ஒரே நாளில் விதைப்பு, ஒரே ஆட்கள், ஒரே தண்ணீர். இதில் ஒரு திருட்டுத்தனம் நடப்பதுண்டு. புதுசு ஜெயிக்க வேண்டும் என்ற ஆர்வத்தில் பழைய பக்கத்தில் களை எடுக்கத் தாமதிப்பார்கள், மருந்து அடிக்க மறப்பார்கள். ஊருக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைக்காதீர்கள், தினமும் அந்த வழியாகத்தான் எல்லோரும் போகிறார்கள். உங்கள் ஊரில் கேரட்டில் கைதேர்ந்தவர் யாரோ அவரிடமே பழைய பக்கத்தை ஒப்படைத்துவிடுங்கள். அவர் உங்களை ஜெயிக்கப் பார்ப்பார், நல்லதுதான், அவரையும் தாண்டி புது முறை விளைந்தால் அப்புறம் யாரும் பேச முடியாது.

அடுத்தது, சமவெளிக்காரர்கள் எழுதிய கையேட்டில் இருக்காத ஒரு விஷயம். நம் நிலம் படிக்கட்டு நிலம். மேல் பாத்தியில் மண் ஆழம் குறைவு, மழைக்கு அரித்துக்கொண்டு வரும் நல்ல மண்ணும் சத்தும் கீழ்ப் பாத்தியில் சேரும். மேல் இரண்டு படியில் பழைய முறை, கீழ் இரண்டு படியில் புது முறை என்று பிரித்தீர்கள் என்றால் கீழே எதைப் போட்டாலும் ஜெயிக்கும். ஒவ்வொரு படியையும் குறுக்கே பாதியாகப் பிரித்து, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, அடுத்த படியில் பக்கத்தை மாற்றி என்று போடுங்கள். ஓரத்தில் யூகலிப்டஸ் மாதிரி மரம் நின்றால் அந்த நிழல் இரண்டு பக்கத்துக்கும் சமமாக விழுகிறதா என்றும் பாருங்கள்.

எதை மாற்றுவது என்பதை நான் சொல்லக் கூடாது, ஊர் சொல்ல வேண்டும். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, போன போகத்தில் எது கையைக் கடித்தது என்று கேளுங்கள். என் ஊகம், பேச்சு உரச் செலவில் வந்து நிற்கும். நம் மலை மண் புளிப்பு மண், கார அமில நிலை 5-க்குக் கீழே இருக்கிற தோட்டங்கள்கூட உண்டு. அந்த மண்ணில் நீங்கள் போடுகிற மணிச்சத்தை (பாஸ்பரஸை) மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும், வேருக்கு வந்து சேராது. மூட்டை மூட்டையாக உரம் போட்டும் இலை வெளிறுகிறது என்று புலம்புகிறவர்களில் பலர் மண்ணைப் பரிசோதித்ததே கிடையாது. அப்படியென்றால் புளிப்பைக் குறைக்க, பரிசோதனை முடிவில் சொல்கிற அளவு சுண்ணாம்பு அல்லது டோலமைட்டைப் பாதி நிலத்துக்குப் போடுவதுதான் உங்கள் அந்த ஒரு மாற்றம். கவனம், இது மெதுவாக வேலை செய்கிற சரக்கு, விதைப்புக்குச் சில வாரம் முன்பே மண்ணில் கலந்துவிட வேண்டும், முதல் போகத்தைவிட இரண்டாம் போகத்தில்தான் நன்றாகத் தெரியும். ஆகவே நிலம் கொடுக்கிறவரிடம் ஒரு போகம் போதாது, அதே இடம் அடுத்த போகத்துக்கும் வேண்டும் என்று இப்போதே பேசிவிடுங்கள்.

மண் எடுப்பதிலும் அவசரம் வேண்டாம். எருக்குழி, வரப்பு, மரத்தடி இதையெல்லாம் விட்டுவிட்டு, பத்துப் பதினைந்து இடத்தில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 'வி' வடிவத்தில் குழி வெட்டி, அதன் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சீவல் சீவி, எல்லாவற்றையும் கலந்து நிழலில் உலர்த்தி, கால் பங்கு கால் பங்காகக் கழித்து அரைக் கிலோவுக்குக் கொண்டு வாருங்கள். குன்னூரில் தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசியின் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்தால் எங்கே கொடுப்பது, எப்படி என்று சொல்வார்கள்.

அறுவடையில் கண்ணால் பார்த்து "அந்தப் பக்கம் தேவலாம்" என்று சொல்வதை யாரும் நம்பத் தேவையில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் பிடுங்கி எடை போடுங்கள். ஒரே இடத்தில் வேண்டாம், இரண்டு மூன்று இடத்தில் போட்டு சராசரி எடுங்கள். அந்தக் கிலோவை 162-ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு வந்துவிடும். 50 கிலோ என்றால் ஏக்கருக்கு 8,100 கிலோ. அப்புறம் கழுவித் தரம் பிரித்த பிறகு இன்னொரு முறை எடை. கவட்டை விழுந்ததும் வெடித்ததும் மேட்டுப்பாளையம் மண்டியில் என்ன விலைக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும். ஆள் கூலி, உரம், மருந்து, மூட்டை, லாரி வாடகை எல்லாவற்றையும் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டை டீக்கடையிலேயே வையுங்கள். யார் வேண்டுமானாலும் புரட்டட்டும்.

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் ஊரில் ஒருவர் தோட்டத்தில் முட்டைக்கோஸ் திடல் போட்டார்கள். நாற்று, உரம், கடுகு விதை எல்லாம் இலவசம், பெரிய போர்டு, வயல் விழா, சாப்பாடு. விளைச்சலும் மோசமில்லை. ஆனால் அடுத்த வருடம் ஊரில் ஒருவரும் செய்யவில்லை, திடல் போட்டவரே செய்யவில்லை. நம் மக்கள் மாறவே மாட்டார்களா ஐயா?

மக்கள் மேல் பழி போடாதீர்கள். கணக்குத் தெரிந்துதான் விட்டிருக்கிறார்கள். இலவசமாக வந்ததை வைத்து ஒருவர் லாபம் காட்டினால் பக்கத்துத் தோட்டக்காரருக்கு அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? எனக்கும் சும்மா கொடுத்தால் நானும் செய்வேன் என்பதைத் தவிர.

இது இன்று நேற்றுப் பிரச்சினை இல்லை. கேத்தியிலேயே 1830-ஐ ஒட்டி, சென்னை கவர்னர் லஷிங்டன் காலத்தில், மலை விவசாயத்தை முன்னேற்றுவதற்கு என்று அரசு ஒரு பரிசோதனைப் பண்ணை வைத்தது. சில ஆண்டுகளுக்குள் இழுத்து மூடிவிட்டார்கள், அந்த வீடு பின்னால் கவர்னராக வந்த எல்ஃபின்ஸ்டன் பிரபு தங்குகிற மாளிகையாகிவிட்டது. அரசு நிலம், அரசுச் செலவு, அரசு ஆள். ஊர்க்காரருக்கு அது வேடிக்கை பார்க்கிற இடம், அவ்வளவுதான்.

இதற்கு மாற்று கண்டவர் அமெரிக்காவில் சீமான் நாப் என்ற மனிதர். 1903-இல் டெக்சாஸ் மாநிலத்தில் டெரல் என்ற ஊரில், பருத்தியைக் கூன்வண்டு அழித்துவிடும் என்று எல்லோரும் நடுங்கிக்கொண்டிருந்த நேரம். அவர் அரசுப் பண்ணை வைக்கவில்லை. வால்டர் போர்ட்டர் என்கிற விவசாயியின் சொந்த நிலத்தில், அவருடைய சொந்தச் செலவில், அவர் கையாலேயே தான் சொன்ன முறையைச் செய்யச் சொன்னார். ஊர் வியாபாரிகள் சேர்ந்து, நஷ்டம் வந்தால் ஈடு கட்டுகிறோம் என்று ஒரு தொகை ஒதுக்கினார்கள். வருட முடிவில் அந்தப் பணத்தைத் தொட வேண்டியே வரவில்லை, போர்ட்டருக்கு லாபம். நான் இந்தக் கதையை அடிக்கடி சொல்வதற்குக் காரணம், இடுபொருளை இலவசமாகக் கொடுப்பதும் நஷ்டத்துக்கு உத்தரவாதம் கொடுப்பதும் ஒன்றல்ல என்பதால். முதலாவதில் விவசாயி விருந்தாளி. இரண்டாவதில் தோட்டமும் அவருடையது, பயமும் அவருடையது, ஆனால் அந்தப் பயத்தில் பாதியை ஊர் சுமக்கிறது.

நம் நாட்டில் வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதனும் இதே மாதிரி ஒன்றில் பிடிவாதமாக இருந்தார். 1964-65இல் தேசிய செயல்விளக்கத் திட்டம் தொடங்கியபோது சிறு விவசாயி நிலத்தில்தான் திடல் போட வேண்டும் என்றார், ஏனென்றால் வசதிக்காரர் தோட்டத்தில் நன்றாக விளைந்தால் ஊர் அதை அவருடைய பணத்தின் கணக்கில் எழுதிவிடும், விதையின் கணக்கில் எழுதாது. இன்றைக்கும் அலுவலர் ஊருக்கு வந்தால் ஜீப் நிற்கிற இடம் எது என்று பாருங்கள், கேட் போட்ட தோட்டம்தான். முன்னோடி விவசாயி என்ற பட்டமும் எல்லாத் திட்டத்திலும் அதே இரண்டு மூன்று பேருக்குத்தான் போகிறது.

உங்கள் முட்டைக்கோஸ் விஷயத்துக்கு வருகிறேன். கடுகைப் பொறிப்பயிராகப் போட்டிருப்பார்கள். கோஸ் இலையைத் தின்கிற புழுவின் தாய்ப்பூச்சியான வைரமுதுகு அந்துப்பூச்சி கோஸைவிடக் கடுகில் விரும்பி முட்டையிடும், மருந்தைக் கடுகுக்கு மட்டும் அடித்தால் போதும், கோஸுக்கு அடிக்கிற தடவை குறையும். முறை நல்ல முறை. ஆனால் 25 வரிசை கோஸுக்கு 2 வரிசை கடுகு, அதில் ஒரு வரிசையைக் கோஸ் நடுவதற்கு 15 நாள் முன்பும் இன்னொன்றை நட்ட 25 நாள் கழித்தும் விதைக்க வேண்டும், அப்போதுதான் பயிர்க்காலம் முழுக்கக் கடுகு இளசாக நிற்கும். இலவசக் கடுகு விதை நாற்றோடு ஒரே நாளில் வந்து இறங்கியிருந்தால் அந்த 15 நாள் அங்கேயே போயிற்று. இரண்டு வரிசை இடம் போவதைச் சின்னத் தோட்டக்காரர் நஷ்டமாகத்தான் பார்ப்பார், மிச்சமான மருந்துச் செலவை யாராவது ரூபாயில் எழுதிக் காட்டினார்களா? அப்புறம் இன்னொன்று: உங்கள் பக்கம் கோஸ் வேர் தடித்து வீங்கிப்போகிற கிளப் ரூட் நோய் இருக்கிற தோட்டம் என்றால் கடுகே வேண்டாம். கடுகும் கோஸ் குடும்பம்தான், அதே நோயை அதுவும் வளர்த்துவிடும். இதை யாராவது சொன்னார்களா என்று திடல் போட்டவரைக் கேட்டுப் பாருங்கள், அவர் விட்டதற்கான காரணம் இதில் ஏதோ ஒன்றாக இருக்கும்.

எமரால்டிலிருந்து: எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ரோட்டோரத்தில் திடல் போடலாமா?

போடலாம். ஆனால் ரோட்டோர நிலம் பெரும்பாலும் ஊரின் நல்ல நிலம், மண்ணும் கொட்டியிருப்பார்கள். உங்கள் ஊரில் பலர் பயிர் செய்வது சரிவில் என்றால் திடலும் சரிவில்தான் இருக்க வேண்டும். பார்க்கிறவர்கள் கொஞ்சம் ஏறி வரட்டும். காட்டெருமையும் பன்றியும் எந்தப் பக்கம் இறங்குகின்றன என்பதை மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள், அவற்றுக்கு எந்த போர்டும் படிக்கத் தெரியாது.

கொடைக்கானல் பூம்பாறையிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் உருளைக்கிழங்குத் திடலைப் பார்க்கப் பல ஊர் விவசாயிகளை அழைத்து வயல் விழா வைக்கப் போகிறோம். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், "அத்தனை பேரையும் காட்டுக்குள்ள விட்டா நோயும் கூடவே வரும்" என்று சண்டை போடுகிறார். பொறாமையா?

பொறாமை இல்லை, அனுபவம். அவர் சொல்வதைக் கேளுங்கள்.

உருளைக்கிழங்கு வேரில் கடுகைவிடச் சின்னதாக, மஞ்சளாகவோ வெள்ளையாகவோ மணி மணியாக ஒட்டிக்கொண்டிருக்கும் நூற்புழுக் கூடுகளைப் பார்த்திருப்பீர்கள். நீலகிரியில் 1961-இல் இது கண்டுபிடிக்கப்பட்டது, கொடைக்கானல் மலையிலும் இருக்கிறது. ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் நூற்றுக்கணக்கான முட்டை. உருளை இல்லாவிட்டாலும் மண்ணுக்குள் வருடக்கணக்கில் சாகாமல் கிடக்கும், உருளை வேர் பக்கத்தில் வந்த வாசனைக்கு எழுந்து பொரிக்கும். இது தானாக ஊர் விட்டு ஊர் நடந்து போகாது. மண்ணோடுதான் போகும், அதாவது விதைக்கிழங்கில், மண்வெட்டியில், சாக்கில், பவர் டில்லர் சக்கரத்தில், வயல் விழாவுக்கு வருகிறவர்களின் செருப்பில். இந்த இரண்டு மலைகளிலிருந்தும் விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்ததே இந்தப் புழுவால்தான். ஊர் ஊராக வந்து பார்க்கும் திடல் என்பது அந்தப் புழு பரவ நாமே வெட்டிக் கொடுக்கிற பாதை.

அதற்காக விழாவை நிறுத்த வேண்டாம். வருகிறவர்கள் பாத்திக்குள் இறங்காமல் வரப்பில் நின்றே பார்க்கிற மாதிரி ஒரு நடைபாதை விடுங்கள். நுழையும் இடத்திலும் வெளியே போகிற இடத்திலும் ஒரு டிரம் தண்ணீரும் பிரஷும் வைத்து, காலணியில் ஒட்டிய மண் முழுக்கப் போகும்வரை தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். தோண்டிக் காட்டுவதற்கு இரண்டு செடியை முன்கூட்டியே எடுத்து வெளியே ஒரு தார்ப்பாயில் வைத்துவிடுங்கள், வேரோடு. ஞாபகத்துக்கு என்று ஆளுக்கு ஒரு கிழங்கு கொடுத்து அனுப்புகிற பழக்கம் இருந்தால் அதைக் கட்டாயம் விட்டுவிடுங்கள்.

இந்தப் புழுவையே திடலின் பொருளாகவும் எடுக்கலாம். ஊட்டி பக்கத்தில் இருக்கிற முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இதற்காகவே பல வருடம் உழைத்து எதிர்ப்புத் திறன் உள்ள குஃப்ரி ஸ்வர்ணா மாதிரி ரகங்களைக் கொடுத்திருக்கிறது. உங்கள் ஊரில் மாற்றுப்பயிருக்கு ஆளைத் தேட வேண்டியதில்லை, மலைப்பூண்டு இருக்கிறது. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு, இந்தப் புழுவுக்கு அதில் சாப்பாடு கிடையாது. பூண்டு, பீன்ஸ், கேரட் என்று சுற்றிவிட்டு உருளைக்கு வருகிற பாத்தியும், உருளை மேல் உருளையாகவே போட்ட பாத்தியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, இரண்டிலும் வேரைப் பிடுங்கி ஒரு லென்ஸ் வைத்துக் காட்டினால் நீங்கள் மைக் பிடித்துப் பேசவே வேண்டாம். ஆனால் இதற்கு இரண்டு மூன்று வருடம் ஆகும், அதுவரை பொறுக்க ஒரு தோட்டக்காரர் வேண்டும். சண்டை போட்ட அந்தப் பெரியவரைக் கேட்டுப் பாருங்களேன்.

நஞ்சநாட்டிலிருந்து ஒரு வாசகி: நாற்று நடுவது, களை எடுப்பது, கேரட் பிடுங்குவது எல்லாம் நாங்கள். பயிற்சிக்கும் வயல் விழாவுக்கும் போவது வீட்டு ஆண்கள். எங்களைக் கூப்பிட்டாலும் காலை 10 மணிக்குக் கூப்பிடுகிறார்கள், போனால் அன்றைய கூலி போச்சு. நாங்களே ஒரு திடல் வைக்க முடியுமா?

தாராளமாக அம்மா. சொல்லப்போனால் நீங்கள் வைப்பதுதான் முறை, செடியை முதலில் கிட்டப் பார்ப்பது குனிந்து வேலை செய்கிறவர்கள்தான். இலைக்கு அடியில் புழு வந்ததும், வேர் வீங்கியதும் முதலாளிக்குத் தெரிவதற்கு ஒரு வாரம் முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும், கேட்கத்தான் ஆளிருக்காது.

உங்களுக்குப் பொருந்துவது ஒரு நாள் விழா வைக்கிற திடல் இல்லை, வயல்வெளிப் பள்ளி. 1989-இல் இந்தோனேசியாவில் நெல் விவசாயிகளுக்காக ஆரம்பித்த முறை. அங்கே யாரும் பாடம் நடத்த மாட்டார்கள். இருபது இருபத்தைந்து பேர், வாரம் ஒரு முறை, பயிர்க்காலம் முழுக்க ஒரே வயலுக்குப் போவார்கள். ஐந்தாறு பேராகப் பிரிந்து செடியைச் சோதித்து, பூச்சி எத்தனை, அதைத் தின்கிற நல்ல பூச்சி எத்தனை, மண் ஈரம் எப்படி என்று பார்த்து ஒரு பெரிய தாளில் படமாக வரைந்து, இந்த வாரம் மருந்து வேண்டுமா வேண்டாமா என்று தங்களுக்குள் வாதாடி முடிவெடுப்பார்கள். எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்றுகூடக் கட்டாயம் இல்லை. உங்கள் சுய உதவிக் குழுவில் ஒருவருக்கு 5 சென்ட் இருந்தால் போதும். வேலை விட்டு வருகிற வழியில், சாயங்காலம் 4 மணிக்கு மேல், ஒரு மணி நேரம் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தோட்டக்கலைத் துறையில் 'அட்மா' (வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமை) திட்டத்தில் இந்த மாதிரிப் பண்ணைப் பள்ளிக்கு இடமிருக்கிறது, உங்கள் வட்டார அலுவலகத்தில் குழுவாகப் போய் எழுத்தில் கேளுங்கள், தனியாகப் போனால் "அப்புறம் வாங்கம்மா"தான். பேச வருகிற அலுவலரிடம் நேரத்தையும் நீங்களே சொல்லிவிடுங்கள், 10 மணி என்றால் வேண்டாம் என்று.

இத்தலாரிலிருந்து ஒரு வாசகர்: திடலில் போட்ட உருளையில் பின்கருகல் நோய் வந்து பாதி போய்விட்டது. பெயர்ப் பலகையை எடுத்துவிடலாமா? கேலி செய்கிறார்கள்.

எடுக்காதீர்கள். பக்கத்தில் பழைய முறைப் பாத்தி இருந்ததா, அதில் எவ்வளவு போனது? அதிலும் பாதி போயிருந்தால் அது மூடுபனியும் விடாத தூறலும் செய்த வேலை, உங்கள் முறை மேல் குற்றமில்லை. அது தப்பித்து உங்களுடையது மட்டும் போயிருந்தால் அதை ஊர் தெரிந்துகொள்வது இன்னும் முக்கியம். முதல் புள்ளி இலையில் எந்தத் தேதியில் தெரிந்தது, முதல் மருந்து என்றைக்கு அடித்தீர்கள், நடுவில் எத்தனை நாள் மழை என்று அந்தப் பலகையிலேயே சாக்பீஸால் எழுதிவிடுங்கள். கேலி செய்கிறவர் படித்துவிட்டுத்தான் போவார், வீட்டுக்குப் போய்த் தன் தோட்டத்துத் தேதியோடு ஒப்பிட்டும் பார்ப்பார்.

தலைகுந்தாவிலிருந்து: எல்லாமே செல்போனில் வீடியோவாக வருகிறதே, இன்னும் எதற்குத் திடல்?

வீடியோ பாருங்கள், நானும் பார்க்கிறேன். ஆனால் பார்க்கும்போது எந்த ஊர், எவ்வளவு உயரம், எந்த மாதம் என்ற மூன்றும் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள், பெரும்பாலும் இருக்காது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது, கூடலூர் கிட்டத்தட்ட அதில் பாதி உயரம்தான், ஒரே மாவட்டம். உங்கள் தலைகுந்தாவிலேயே டிசம்பர், ஜனவரியில் பள்ளத்து நிலம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்போது மேட்டுத் தோட்டத்தில் செடி பச்சையாக நிற்கும். குளிர்காற்று கனமானது, இரவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். அந்த வீடியோக்காரர் பீன்ஸ் போட்டது மேட்டிலா பள்ளத்திலா? கீழே கருத்துப் பகுதியில் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் முழுத் தோட்டத்துக்கும் அந்த விதையை வாங்க வேண்டாம், மேட்டில் 2 பாத்தி, பள்ளத்தில் 2 பாத்தி மட்டும் போட்டுப் பாருங்கள். பாக்கெட்டில் மிஞ்சிய விதையை ஈரம் படாத டப்பாவில் இறுக மூடி வைத்தால் அடுத்த போகத்துக்கு ஆகும்.